பக்கத்தால் விழுந்த வெளிச்சம்

சிறுவயதில் வந்த பெரியம்மை என் கன்னங்களில் தழும்புகளை விட்டுப்போயிருந்தது. அறுபதுகளில் எனக்குக் கலியாணம் பேசியபோது, திருகோணமலையில் வேலை செய்த மாப்பிள்ளைக்கு அனுப்ப ஒரு படம் தேவைப்பட்டது. அம்மா படம்பிடிப்பவரைச் செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கே அழைத்தார்.

மாலை வெயில் வீட்டுக்கு மேற்கேயிருந்த வாவிப்பக்கமிருந்து சாய்வாக வந்தது.

"வாவியப் பாத்து நில்லுங்க தங்கச்சி. வெளிச்சம் நேரே முகத்தில விழுந்தா தழும்பு தெரியாது. பக்கத்தால விழுந்தா ஒவ்வொரு குழியும் தெரியும்" என்றார் அவர். அம்மா நிம்மதியாகத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

நான் வெயில் ஒரு கன்னத்தில் விழும்படி திரும்பி நின்றேன். "இஞ்சால வந்து எடுங்க அண்ணன்."

"தழும்பெல்லாம் விழுமே."

"விழட்டும். பிறகு நேரில கண்டு அவர் திகைக்கிறத என்னால பாக்க ஏலாது."

படத்தைக் கண்டு அம்மா அழுதார். வேறு படம் இல்லாததால் தரகர் அதையே கொண்டுபோனார். பிறகு வெகுநாள் பதிலே இல்லை. கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒருநாள் மாப்பிள்ளையே தாயுடன் வந்தார். என்னைப் புதிதாகக் காண்பவர்களின் பார்வை கன்னத்தில் ஒரு கணம் தடுக்கி நிற்கும். தேத்தண்ணியை நீட்டியபோது அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தேன். அவர் என்னை நேராகப் பார்த்தார். பார்வை எங்கும் தடுக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி காணாது" என்றார்.

சீனிப் போத்தலைத் திறந்து இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.

அந்தப் படத்தில் நான் அழகாக இல்லை. ஆனால் அதன்பின் அவர் முன்னால் எந்த வெளிச்சத்தில் நிற்கிறேன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.