வலமாகச் சுற்றிய நூல்

மற்றவர்கள் படிவங்களில் விடும் பிழைகளைக் கண்டுபிடிப்பதற்காக எனக்கு இருபத்தாறு வருடம் சம்பளம் தந்தார்கள். கையொப்பம் பெட்டிக்கு வெளியே போயிருந்தால் தெரியும். திகதியை அழித்து எழுதியிருந்தால் தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரே பிழையை இரண்டு மாதமாக, பல்லாயிரம் தடவை, சொந்தக் கையால் செய்துகொண்டிருந்தேன்.

பின்னல் பழகியதற்குக் காரணம் என் குற்றம். என் மனைவி முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். விடிய முன்னம், நாங்கள் குடியிருக்கும் மல்வேர்னில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். கோட்டுக்குள் போட அவளிடம் கையில்லாத கம்பளிச் சுவெற்றர் ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற புதிதில், வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அதைத் துவைத்து, காயவைக்கும் மெசினுக்குள் போட்டேன். வெளியே எடுத்தபோது ஒரு பொம்மைக்கு அளவாக இருந்தது.

"விடுங்கோ, கடையில ஒண்டு வாங்குவம்," என்றாள்.

விட்டிருக்கலாம். "வேண்டாம், நானே பின்னித் தாறன். பனி கொட்ட முன்னம் உம்மட கையில இருக்கும்," என்றேன். அவள் என் சொல்லை நம்பி வேறு வாங்காமல் இருந்தாள்.

நூலகத்தில் இலவசப் பின்னல் வகுப்பு இருக்கிறது என்றும் சொன்னாள். வகுப்பெல்லாம் வழிகாட்டியை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு என்றேன். வீடியோ ஒன்றைப் பார்த்து, இரண்டு முனைகளையும் வயரால் இணைத்த வட்ட ஊசியில், குழாய் மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பின்னினேன். இடையிடையே ஓட்டைகள் வந்தன. கம்பளியின் இயல்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் நடுவில் முடித்தேன். அவள் போட்டுப் பார்த்தாள். இடுப்பில் இடப்பக்கம் தொடங்கி நேரே மேலே ஏறவேண்டிய கண்ணி வரிசை, அந்த நூல் வளையங்களின் வரிசை, நெஞ்சுக்கு நடுவில் போய் முடிந்தது. இழுத்து நேராக்கினாள். இரண்டு அடி நடந்ததும் பழையபடி போய் நின்றது.

"இது என்ர உடம்பில நிக்குதில்லை, திரும்புது."

"நூல் சரியில்லை," என்றேன். குற்றத்தை எங்கே தள்ளுவது என்பதும் எனக்குத் தெரிந்த நடைமுறைதான்.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு மன்னார்ப் பெண்மணி வந்தார். சிறுவயதில் கன்னியாஸ்திரிகளிடம் பின்னல் படித்தவர். மனைவி சுவெற்றரைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். நான் காட்டச் சொல்லவில்லை.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணை, நூலை எந்தப் பக்கத்தால சுத்துறியள்? ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

காட்டினேன்.

"உது கோயில் சுத்துற சுத்தெல்லோ. ஊசிக்கு இடமாச் சுத்தவேணும்."

"இடமாச் சுத்திறது செத்த வீட்டில."

"ஊசிக்கு உது தெரியாது, அண்ணை."

மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோயிலை வலமாகச் சுற்றுகிறோம், கற்பூரத் தட்டை வலமாகச் சுற்றுகிறோம். ஊசியைக் கொடுத்ததும் என் கை தனக்குத் தெரிந்த திசையில் போய்விட்டது. அதனால் ஒவ்வொரு கண்ணியும் அடியில் முறுகி, காலைக் குறுக்கே போட்டு நின்றது. முழுத் துணியும் ஒரு பக்கமாக இழுபட்டது. அவர் போனபின் கண்ணிகளை எண்ணினேன். நூற்றெண்பதில் தொடங்கியது நூற்றெண்பத்தேழில் நின்றது. அந்த ஓட்டைகள் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. தவறுதலாக நூலை ஊசிக்குக் குறுக்கே விட்ட இடமெல்லாம் புதிதாக ஒரு கண்ணி பிறந்திருந்தது.

வீடியோக்காரி திசையைச் சொல்லவில்லை என்று முறைப்பாடு எழுதுவதற்காக அதை மறுபடி போட்டேன். சொல்லியிருக்கிறாள். மெதுவாக, இரண்டு தரம், ஊசியைக் கிட்டப் பிடித்துக் காட்டியிருக்கிறாள். முதல் நான்கு நிமிடத்தை நான் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறேன். முன்னுரை எனக்கு எதற்கு? வழிகாட்டியின் முதல் பக்கத்தை வாசிக்கவில்லை என்று எத்தனை பேருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் கோணல்மாணல் எழுத்தில் மூன்றாம் தரம் நிரப்பி அனுப்பியிருந்தார். அதையும் திருப்பினேன். அவருக்கும் இப்படித்தான் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்திருக்கும்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மனைவி இருந்த முன்னறைக்குப் போனேன். "தாரும் உந்தச் சுவெற்றரை. முழுக்க அவிட்டுப்போட்டுத் திரும்பப் பின்னுறன்."

"எப்ப முடியும்?"

"தை மாதம். அல்லது மாசி."

அவள் சுவெற்றரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "உங்கட பிழையைத் திருத்த என்ர குளிர்காலத்தைக் கேக்காதேங்கோ. எனக்கு நாளைக்குக் குளிரும்."

"பிழையான சாமானைப் போட்டுக்கொண்டு போவீரோ?"

"ஓம். கோட்டுக்குள்ள ஆர் பாக்கப்போகினம்?"

நான் பார்ப்பேன். கத்தரிக்கோலை மேசையில் வைத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன்.

அன்றிலிருந்து வேலை நாட்களில் விடிய ஐந்து மணிக்கு அவள் அதைப் போடுகிறாள். கோட்டுக்குச் சிப் இழுக்க முன்னம் கீழ் விளிம்பைப் பிடித்து ஒரு தரம் திருப்பி விடுகிறாள். பஸ் தரிப்பிடத்துக்குப் போவதற்குள் அது தன் கோணல் இடத்துக்கே திரும்பிவிடும் என்று அவளுக்கும் தெரியும். சூடாக இருக்கிறதாம். கேட்டால் அதை மட்டும் சொல்கிறாள், வேறு ஒன்றும் சொல்வதில்லை. ஏதாவது சொல்லித் தொலைத்தால் நானும் பதிலுக்குக் கத்தலாம்.