பார்க்காமல் போட்ட டிக்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை பக்கத்தில் நான் வேலை செய்யும் சின்ன ஆஸ்பத்திரியில் இது நடந்தது. ஆபரேஷன் தியேட்டரில் நான் மயக்க மருந்து டெக்னீஷியன். பிள்ளைகளே, மயக்கம் கொடுப்பவர் டாக்டர்தான். ஆனால் அவர் கையை நீட்டும்போது ஆக்சிஜன், குழாய், தொண்டையில் சேருவதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் மெஷின் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அது என் பொறுப்பு.

தினமும் காலையில் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, தாளில் டிக் போட வேண்டும். அன்று பொன்னேரியில் ரயிலை விட்டுவிட்டேன். நான் உள்ளே நுழையும்போதே, இரும்பு ஆலையில் கை நசுங்கிய ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நேற்று ஓடினது இன்றைக்கும் ஓடும் என்று நினைத்து, மேலிருந்து கீழே வரை மடமடவென்று டிக் போட்டுவிட்டேன்.

வாசலில் அவருடைய மனைவியிடம் கேட்டேன், ஏதாவது சாப்பிட்டாரா என்று. வயிற்றில் சாப்பாடு இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

“வெறும் வயித்துலதான் கீறாரு சார்,” என்றார்.

மேஜையில் படுத்திருந்த அவர் அவ்வளவு வலியிலும் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னாணா, முழிச்சிக்குவேன் இல்ல? ரெண்டாவது ஷிப்டுக்கு வேற ஆளு இல்ல.”

“முழிச்சிக்குவ நைனா. நான் இங்கயேதான் கீறேன்,” என்றேன்.

மயக்கம் ஏறிய உடனே அவர் வாந்தி எடுத்தார். டாக்டர் கையை நீட்ட, சக்‌ஷன் குழாயைக் கொடுத்தேன். மெஷின் ஓடுகிறது, ஆனால் உறிஞ்சவில்லை. உறிஞ்சியது வந்து சேரும் ஜாடியைக் கழுவி வைத்தபோது, அதன் மூடி சரியாக உட்காரவில்லை. நான் தேடிக் கண்டுபிடித்து அழுத்தி மூடுவதற்குள், வாந்தியில் கொஞ்சம் நுரையீரலுக்குள் போய்விட்டது. அவர் முகம் நீலமாக மாறியதை நான் பார்த்தேன்.

உயிர் போகவில்லை. ஆனால் கண் திறக்காமல், செயற்கை சுவாசத்தில் ஐ.சி.யூ.வில் கிடந்தார்.

வெளியே அவர் மனைவி உண்மையைச் சொல்லி அழுதார். “ஒடம்பு வெடவெடன்னு ஆடிக்கினு இருந்துச்சு. டீயும் பன்னும் குடுத்தேன். சொன்னா ஆபரேசன தள்ளிப் போட்டுடுவாங்க, கை போயிடும்னு கூட வந்தவங்க சொன்னாங்க சார்.”

அதிலிருந்து எல்லாப் பழியும் அந்த அம்மா தலையில் விழுந்தது. “பன்னு குடுத்தே புருஷன மேல அனுப்பப் பாத்தவ,” என்று மாமியார் எல்லோர் முன்னாலும் சொல்வார். மருமகள் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். சோறு கொடுத்தால் தொடமாட்டார். மூடி எப்படியோ கழன்றுவிட்டது என்று டாக்டரும் நினைத்துக்கொண்டார். நான் வேலை போய்விடும் என்று பயந்து, தலையைக் குனிந்துகொண்டு அந்த அம்மாவைத் தாண்டிப் போய் வந்தேன்.

ஆறாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. முதலில் டாக்டரிடம் சொன்னேன். பிறகு வெளியே வந்து, மாமியார் எதிரிலேயே அந்த அம்மாவிடம் சொன்னேன்: காலையில் நான் மெஷினைப் பார்க்கவில்லை, பார்த்ததாக டிக் போட்டேன், அது வேலை செய்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

திட்டுவார் என்று நின்றேன்.

“ஆறு நாளா ஏன்ணா சொல்லல?” என்று மட்டும் கேட்டார்.

அவர் கணவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, ஆலை வேலைக்குத் திரும்ப முடியவில்லை. எனக்கு மூன்று மாதம் வேலை இல்லை. பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளே, தப்பு யார் கையிலும் நடந்துவிடும். ஆனால் உங்கள் தப்பை வேறு ஒருவர் சுமந்துகொண்டு அழுவதைப் பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அந்த அம்மா சோறு தொடாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த ஆறு நாட்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.