ஆர்வில் கை ஓங்கவில்லை

விஸ்கான்சின் சிறையில் ஆர்வில் ஸ்டான்சிலோடு ஒரே அறையில் மூன்று குளிர்காலம் கழித்தவன் நான். பெட்ரோல் பங்கில் கொள்ளையடித்து உள்ளே வந்தவன் அவன். மூக்குக்கு மேல் கோபம் வரும். சாப்பிட்டாயா என்று கேட்டாலே சட்டையைப் பிடிப்பான்.

அவனையே அடக்கியது ஓர் ஒப்பந்தம். எழுபதுகளில் வந்த புதுத் திட்டம் அது. வெல்டிங் படித்துத் தேற வேண்டும், எந்தச் சண்டையிலும் சிக்கக் கூடாது. இரண்டையும் செய்தால் ஏப்ரல் கடைசியில் பரோல், அதாவது தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலை, உறுதி. பரோல் குழுவும் சிறையும் அவனும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே அவன் மகள் நோரீன், தகப்பனைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளை, காத்திருந்தாள்.

அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. கையெழுத்துப் போட்டவன் திருப்பி அடிக்க மாட்டான் என்பது சிறை முழுக்கத் தெரியும். ரட் என்ற தடியன் ஆர்வில் தட்டிலிருந்து ஆப்பிள் கேக்கை எடுத்துத் தின்பது வழக்கமாகிவிட்டது.

"என்னடா மாப்பிள்ளை, கையெழுத்துப் போட்ட கை வலிக்குதா?"

ஆர்வில் தட்டில் மிச்சமிருப்பதை மெல்லுவான். மேசைக்கடியில் அவன் கரண்டியை வளைப்பது எனக்கு மட்டும் தெரியும்.

வெல்டிங்கில் தேறிவிட்டான். விடுதலைக்கு முந்தைய வாரம், ரட் அவன் தோளில் சூடான காப்பியை ஊற்றினான். ஆர்வில் எழுந்தான். காவலர் திரும்பிப் பார்த்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"உக்காருடா! உன் பொண்ண நெனச்சுக்கோ!" என்று கத்தினேன்.

உட்கார்ந்தான்.

அன்று மாலை துணி வெளுக்கும் கூடத்தில் ரட் என்னை மடக்கினான். "உன்னை யாருடா நாட்டாமை பண்ணச் சொன்னது?"

ஆர்வில் பக்கத்திலேயே, கையில் ஈரப் போர்வையோடு நின்றான். ரட் அடித்து நான் கீழே விழுந்தபோது ஆர்விலைப் பார்த்தேன். வராதே என்றுதான் சொல்ல நினைத்தேன்; வந்துவிடு என்றும் மனசு அடித்துக்கொண்டது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

என் முன்பற்கள் இரண்டு போயின. குறித்த தேதியில் ஆர்வில் விடுதலையாகிப் போனான். கை கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாக. ஆனாலும் அவன் போனபின் அவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

கோடையில் திட்டத்தை மதிப்பிட ஒரு பல்கலைக்கழகக்காரர் வந்தார்.

"ஒப்பந்தம் போட்டவங்க யாரும் சண்டைக்கே போகலை. நல்லா வேலை செய்யுது. நீங்களும் ஒண்ணு போடுறீங்களா?"

"போடலாம் சார். எனக்குப் பதிலா அடி வாங்க ஒரு ஆளையும் அதுல சேர்ப்பீங்களா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதுதான் என் வாயைப் பார்த்தார்.