கண்ணைக் கட்டிய பாடம்

முதலாம் ஆண்டு படிக்கும் என் ஏழு வயது மகள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பள்ளியில் ஐம்புலன் பாடமாம்; மோந்து பார்த்துப் பொருளைச் சொல்ல வேண்டும்.

"சீக்கிரம் லா, அம்மா!"

எதை நீட்டுவது என்று சுற்றிலும் தேடுகிறேன்.

சின்ன வயதில், நியாலாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் டீச்சர் இப்படித்தான் என் கண்ணைக் கட்டினார். தப்பாகச் சொன்னால் பிரம்படி. எனக்கு முன்னால் மஞ்சளை மல்லி என்று சொல்லி அடி வாங்கியவன் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தான். மூக்குக்குக் கீழே ஒரு டப்பா வந்தது. குப்பென்று புளித்த நாற்றம். கட்டிப்பால், மரத்துக் கோப்பையில் உறைந்துபோன ரப்பர் பால். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு அம்மா தினமும் வீட்டுக்குக் கொண்டுவரும் நாற்றம். பெயர் தெரியும், ஆனால் பயத்தில் வாயில் வந்தது, "அம்மா!"

வகுப்பே சிரித்தது. பிரம்பு மேசையில் படீரென்று விழுந்தது. நான் கையை நீட்டிவிட்டேன்.

"சிரிக்கிறவங்க எல்லாரும் வீட்டுக்குப் போய் உங்க அம்மா கையை மோந்து பாருங்க," என்றார் டீச்சர்.

பிரம்பை மேசையிலேயே வைத்துவிட்டு என் கண்கட்டை அவிழ்த்தார்.

மகளின் மூக்கருகே சோப்புக்கட்டியை நீட்டுகிறேன்.

"அம்மா," என்கிறாள்.

"சோப்புடி."

"இல்ல லா. உங்க கை. கிளவ் ஃபேக்டரி வாசம்."

ரப்பர் கையுறை செய்யும் வேலை முடிந்து வந்ததும் அந்தச் சோப்பைப் போட்டுத்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தேன்.