தண்ணி வந்துருச்சு

ஆற்றுக்குக் குறுக்கே டோல் ரோட்டுக்காகப் பெரிய பாலம் வரப்போகிறது என்றதும் எங்கள் பக்கத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலை அது. ஆறு என்று பெயர்தான். மணலும் சீமைக்கருவேலும் மேயும் ஆடுகளும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. மணலைத் தாண்டவும் டோல் கட்டணுமா என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதே சைட்டில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

வேலை தொடங்கிய பிறகு வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். துளை போடும் மெஷின் இறங்க இறங்க, மணல் முடிந்து களிமண், களிமண் முடிந்து பாறைத்தூள் என்று நிறம் மாறி மாறி மேலே வரும். லாரியைவிட நீளமான கர்டரை, அதாவது பாலத்தைத் தாங்கும் கான்கிரீட் உத்தரத்தை, இரண்டு கிரேன்கள் தூக்கி, பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல் தூண்மேல் இறக்கிய அன்று சாப்பிடவே மறந்துவிட்டேன். நம்மைப்போல் சோறு தின்கிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள் என்று நம்ப முடியவில்லை.

என் அக்காவும் அங்கே க்யூரிங் வேலைக்கு வந்தாள். கான்கிரீட் இறுகும்வரை சாக்கு போர்த்தி, ஈரம் காயாமல் தண்ணீர் ஊற்றும் வேலை. அம்மா அப்பா போன பிறகு எனக்கு வீடு என்றால் அவள்தான். தண்ணீர் ஒரு தோப்புக் கிணற்றிலிருந்து டேங்கரில் வந்து, தூண்களுக்கு நடுவே மணலில் நிற்கும். வாட்ச்மேன் "தண்ணி வந்துருச்சு" என்று குரல் கொடுத்ததும் பெண்கள் குடத்தோடு ஓடுவார்கள்; வீட்டுக்கும் ஒரு குடம் பிடித்துக்கொள்ளலாம் என்று என்ஜினீயர் சொல்லியிருந்தார். எங்கள் ஊர்களில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. குழாயில் வரும், லாரியில் வரும், ஓட வேண்டும். தெருக்குழாயில் என் அக்காவை முந்த இன்னும் ஆள் பிறக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மேற்கே மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. மலையடியில் பிளவக்கல் அணைப் பக்கத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். வாட்ச்மேன் பதறிப்போய், பழகிய வாயால், "தண்ணி வந்துருச்சு, தண்ணி வந்துருச்சு" என்று கத்தினார். பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கிவிட்டார்கள்.

நான் கரையில் நின்றிருந்தேன். மேற்கே வளைவில் பழுப்பாக ஏதோ ஒன்று, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்தது. இரைச்சல் அப்புறம்தான் கேட்டது. அக்கா எல்லோருக்கும் முன்னால் நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தாள். அக்கா, தண்ணி வருது என்று அலறினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் "வாரேன், வாரேன்" என்று இன்னும் வேகமாக ஓடினாள். எனக்கு உயிரே போய்விட்டது. என்ன சொல்லித்தான் கூப்பிடுவது? வெள்ளம் என்ற சொல் அந்நேரம் வாயில் வரவே இல்லை.

"ஆறு வருதுக்கா. ஆறு வருது, மேல ஏறு."

அப்படி ஒரு பேச்சை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. சட்டென்று நின்று மேற்கே பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் கரைக்கு ஓடிவிட்டார்கள். அவளுக்குக் கரை எட்டாது. குடத்தைப் போட்டுவிட்டு, பக்கத்துத் தூணில் சாத்தியிருந்த இரும்பு ஏணியில் ஏறினாள். தூணின் தலையில், கர்டருக்குக் கீழே, ஓர் ஆள் ஒடுங்கி உட்கார இடம் இருக்கும். அவள் அதில் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஏணியை ஆறு கொண்டுபோய்விட்டது.

கரைக்குக் கரை நிறைந்து போனது. கருவேல மரங்கள் வேரோடு வந்து தூணில் மோதின. தூண் அசையவில்லை. அந்தப் பயத்திலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஆற்றையா, தூணையா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பாலத்தின் மேலிருந்து கிரேனில் கூண்டை இறக்கி அவளை ஏற்றினார்கள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எட்டிக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமெல்லாம் செத்த நேரந்தான். பொறவு பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்" என்றாள். "ஏலே, நம்ம ஊருக்கு ஆறு இருக்குலே."