பிணமாகப் படுத்திருந்த ஞாயிற்றுக்கிழமை

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. சிங்கப்பூரில், செங்காங்கில் என் தங்கை மகளின் அடுக்குமாடி வீட்டில்தான் அப்போதும் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் ஆரம்ப வகுப்புகளோடு நின்றவள் நான். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் டீயை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். யாராவது என்னிடம் கருத்துக் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதை எழுதும்போதும் கை கூசத்தான் செய்கிறது.

தங்கை மகளுக்கும் அவளுடைய ஆபீஸ் நண்பர்கள் இருவருக்கும் குறும்படம் எடுக்கும் ஆசை வந்தது. பேய்ப்படம், ஆனால் சிரிக்கவும் வைக்க வேண்டுமாம். கதை நடப்பது நூறு வருஷத்துக்கு முன்னால், தேக்கா பக்கம் மாட்டுக் கொட்டகைகள் இருந்த காலத்தில். பால் விற்கிற கிழவி ஒருத்தி செத்துப்போகிறாள். செத்த பிறகும் விடியற்காலையில் எழுந்து வந்து பாலில் தண்ணீர் கலக்கிறாள். மருமகள் குறைவாகக் கலந்திருந்தால் திட்டிவிட்டுப் போகிறாள். இவ்வளவுதான் கதை.

படம் எப்படித் தெரிய வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதில்தான் சண்டை. வாராவாரம் எங்கள் ஹாலில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

"வெள்ளைச் சேலை, விரிச்ச முடி, அதெல்லாம் வேணாம்லா. பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு," என்றான் நண்பர்களில் உயரமானவன்.

"அப்போ பேய்னு எப்படித் தெரியும்? நெத்தில எழுதி ஒட்டப் போறியா?" என்றாள் கேமரா பிடிக்கிற பெண்.

தங்கை மகள்தான் யோசித்துச் சொன்னாள். "ஒரே ஒரு எண்ணெய் விளக்குதான் வெளிச்சம். சுவத்துல மாட்டுக் கொம்பு நிழல் ஆடணும். எல்லாரும் பயந்து, அப்புறம் மாடுன்னு தெரிஞ்சு சிரிக்கணும். அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள நிஜப் பேய் வரணும். ஆளைக் காட்டவே கூடாது, சத்தம் மட்டும்."

என்ன சத்தம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. சலங்கை பழசு, நாய் ஊளை அதைவிடப் பழசு. நான் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தங்கை மகள் திரும்பி, "பெரியம்மா, உங்களுக்கு எந்தச் சத்தம் கேட்டா வயித்தக் கலக்கும்?" என்றாள்.

எனக்கென்ன தெரியும் என்று போயிருக்கலாம். அன்றைக்கு என்னவோ வாய் திறந்துவிட்டது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி. தனியாக இருந்தார். வீட்டில் கட்டைச் செருப்புப் போட்டிருப்பார், அதோடேயே வெளி நடைபாதையிலும் நடப்பார். இடது காலை இழுத்து இழுத்து வைப்பார். சீனப் பெருநாளுக்கு எங்கள் கதவில் இரண்டு ஆரஞ்சு தொங்கும், தீபாவளிக்கு நான் முறுக்குக் கொடுப்பேன். மற்றபடி தலையாட்டுவதோடு சரி. அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது.

"பக்கத்து வீட்டு ஆன்டி நடக்கிறதுதான்," என்று சொல்லிவிட்டு நடந்தும் காட்டினேன். டொக், சர்ர்ர், டொக், சர்ர்ர். நடுவில் அவர் இருமுகிற மாதிரி ஒரு இருமல்.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஆன்டி, செம! இன்னொரு தடவை!" என்று உயரமானவன் கைதட்டினான். நான் பேசி நாலு பேர் சிரித்தது என் வயசுக்கு அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு தடவை நடந்தேன். அவர் நின்று மூச்சு வாங்குவது, சுவரைப் பிடித்துக்கொண்டு முனகுவது, ஒன்று விடாமல் செய்து காட்டினேன். அடுத்த வாரமே அவன் கடையில் கட்டைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டான். பேயின் நடை அதுதான் என்று முடிவானது. அவன் நடந்து காட்டுவான், பார்த்துச் சரி சொல்கிற வேலை எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழவியின் சாவுக் காட்சி எப்படி இருக்கும் என்று ஒத்திகை பார்த்தார்கள். கிழவியாக நான்தான் படுக்க வேண்டும் என்றார்கள். உயிரோடு இருக்கிறவள் அப்படிப் படுக்கலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பாராட்டுக்கு மயங்கிக் கிடந்தவள் வேறென்ன சொல்வேன்? தெற்கே மட்டும் தலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பாயில் படுத்தேன். முறைப்படி எல்லாம் செய்தார்கள். தாடையைச் சுற்றித் துணிக்கட்டு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கயிறு. தலைமாட்டில் விளக்கு. சாம்பிராணிப் புகை ஹாலை நிறைத்துவிட்டதால் வாசல் கதவையும் இரும்புக் கதவையும் திறந்து வைத்தார்கள்.

புகை வெள்ளையாகத் தெரிகிறதா, நீலமாகத் தெரிய வேண்டுமா என்று மறுபடி சண்டை. எடுத்ததைப் பெரிய திரையில் போட்டுப் பார்க்க மூவரும் உள் அறைக்குப் போனார்கள். "பெரியம்மா, அப்படியே இருங்க, கட்டு கலைஞ்சிடும்."

அப்படியே கிடந்தேன். அப்போதுதான் கேட்டது. டொக், சர்ர்ர். டொக், சர்ர்ர்.

பரவாயில்லையே, இன்றைக்கு இவனுக்கு நடை நன்றாகப் படிந்துவிட்டதே என்று கண்ணை மூடிக்கொண்டே உள்ளுக்குள் சிரித்தேன். சத்தம் வாசலில் நின்றது. பிறகு வேகமாக, தடுமாறித் தடுமாறி என் தலைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. யாரோ என் கையைப் பிடித்தார்கள். சுருங்கிப் போன, ஈரமான கை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கை.

"காக்காக்... காக்காக்..."

மலாயில் அக்கா என்று கூப்பிட்டார். அப்புறம் சீனத்தில் என்னென்னவோ சொல்லி அழுதார். தலையாட்டுவதைத் தவிர ஒரு உறவும் இல்லாத எனக்காக ஒரு மனுஷி அப்படி அழுவார் என்று நான் நினைத்ததே இல்லை. என் தங்கை அழுதால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஓடி வந்திருக்கிறார்.

உடனே கண்ணைத் திறந்திருக்க வேண்டும். வெட்கத்தில் அதைச் செய்யவில்லை. அவர் பாட்டுக்கு அழுதுவிட்டுப் போய்விடட்டும், அப்புறம் தங்கை மகள் போய்ச் சொல்லிக்கொள்ளட்டும் என்று, கேவலம், பிணமாகவே கிடந்தேன். அவர் கண்ணீர் என் கன்னத்தில் விழுந்த பிறகுதான் தாங்காமல் கண் திறந்தேன்.

"ஐயோ"வென்று ஏதோ கத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டார். எழுந்து அவரைப் பிடிக்கலாம் என்றால் கால் கட்டியிருக்கிறது. பேசலாம் என்றால் தாடை கட்டியிருக்கிறது. "ம்ம், ம்ம்" என்று கையை ஆட்டினேன். அது இன்னும் பயங்கரமாக இருந்திருக்கும். அவர் என்னையே பார்த்தார். விளக்கைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். புரிந்துவிட்டது. என் தோளில் பளார் பளார் என்று நான்கைந்து அடி போட்டார். அடித்துக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். என் மூக்கிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். தாடைக்கட்டை இழுத்துவிட்டார். அப்புறம் என் காலடியில் உட்கார்ந்து பெருவிரல் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து உள் அறைக் கதவு திறந்தது. டொக், சர்ர்ர், டொக், சர்ர்ர் என்று இடது காலை இழுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, அதே இருமலோடு உயரமானவன் வந்தான்.

"ஆன்டி, இப்போ கரெக்டா இருக்கா?"

பாட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். அது யாருடைய நடை என்று புரியத் தமிழ் தெரிய வேண்டுமா? பாட்டி அவன் காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

குனிந்து, பாதியில் விட்ட முடிச்சை முழுசாக அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டிப் பாயின் ஓரத்தில் வைத்தார். வாசலுக்குப் போனதும் கட்டைச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, சத்தமில்லாமல் தன் வீட்டுக்குப் போனார்.

தங்கை மகள் அன்றைக்கே அந்தச் சத்தம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். படத்தில் பால் வாளி உருளுகிற சத்தத்தோடு பேய் வந்தது. நன்றாகத்தான் சிரித்தார்களாம். நான் பார்க்கவில்லை.

மறுநாள் முறுக்கு எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்றேன். ஒரு ரப்பர் செருப்புப் போட்டிருந்தார், புதுசு. நான் அதைக் காட்டினேன், தலையில் அடித்துக்கொண்டேன், கும்பிட்டேன். "தாப்பா, தாப்பா," என்றார். மலாயில் பரவாயில்லை என்று அர்த்தம். முறுக்கை வாங்கிக்கொண்டார், என் கையையும் தட்டிக்கொடுத்தார். சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சும் வழக்கம்போலத் தொங்கியது. ஆனால் அந்தக் கட்டைச் செருப்பை அவர் மறுபடி போடவே இல்லை.

ரப்பர் செருப்பில் அவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போவது எனக்குத் தெரிவதில்லை. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் போயிருப்பார். இன்றைக்கும் நான் எதையாவது சொல்லி நாலு பேர் சிரித்துவிட்டால், அந்த முடிச்சை அவிழ்த்த ஈரக் கை நினைவுக்கு வந்து, என் கால் பெருவிரல்கள் இரண்டும் தானாக ஒட்டிக்கொள்கின்றன.