லீவு போட்டால் சீறும் நட்சத்திரம்

அந்த ரேடியோ தொலைநோக்கியை முப்பது வருடமாகத் திருப்பிக்கொண்டிருந்த ஆபரேட்டருக்கு ஆய்வுக்கூடத்தில் ‘லீவு சார்’ என்று பெயர். மனிதர் வருடத்துக்கு நாலு நாள் லீவு எடுத்தாலே அதிகம். ஆனால் பார்த்து வைத்தாற்போல் அந்த நாலு நாளில்தான் ஆய்வுக்கூடம் கண்காணித்துவந்த ஓர் இரட்டை நட்சத்திரம் சீறித் தொலைக்கும்.

இரட்டை என்றால், மூன்று நாளுக்கு ஒரு தரம் ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு நட்சத்திரங்கள். அவ்வளவு நெருக்கத்தில் குடித்தனம் நடத்தினால் சும்மா இருக்குமா? காந்தப்புலம் முறுக்கேறி, மேலே சூழ்ந்திருக்கும் கொதிவாயு திடீரென்று வெடிக்கும். ரேடியோ அலை கொட்டும். திரையில் தரையோடு தரையாகக் கிடந்த கோடு மலையாக எழும்பும். பெருக்க வரும் அம்மாள்கூட அதை இரண்டு முறை பார்த்துவிட்டாள். லீவு சார் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. முக்கியமான ஆய்வு என்றால் இயக்குநரே அவரைக் கூப்பிட்டு, “முகமே வாடியிருக்கே, உடம்பு சரியில்லையா?” என்று கரிசனமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

ஓய்வு பெற ஒரே நாள் பாக்கி. ஆராய்ச்சி மாணவி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். மறுநாள் பகல்தான் அவளுக்கு ஒதுக்கிய கடைசி நேரம்; ரேடியோ தொலைநோக்கிக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். ஒரு சீற்றமாவது பதிவாகாவிட்டால் ஐந்து வருட ஆய்வேடு அம்போ.

“சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நாளைக்கு லீவு போடுறீங்களா? தொலைநோக்கியை நானே பாத்துக்கறேன்.”

“ஏம்மா, அந்த அலை அங்கேருந்து கிளம்பியே நூறு வருஷமாச்சுன்னு நீதானே சொன்ன? நான் லீவு போடுவேன்னு அதுக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியாது சார். இருந்தாலும்...”

அவருக்கும் சீற்றத்தைக் கண்ணால் பார்க்க அதுதான் கடைசி வாய்ப்பு. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மேஜையைக் காலி செய்கிற சாக்கில் பின்வாசல் வழியாக வந்து ஸ்டோர் ரூமில் உட்கார்ந்துகொண்டார். மூன்று மணிக்கு கேபிள் எடுக்க வந்த மாணவி பார்த்துவிட்டாள்.

“அதானே பார்த்தேன்! காலையிலேருந்து கோடு அசையவே இல்ல. நட்சத்திரம் அடிவானத்துல மறைய இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. கேட்டுக்கு வெளிய போங்க சார்!”

போய் வெயிலில் நின்றார். இருபது நிமிடத்தில் அவள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

“வந்துடுச்சு! வாங்க சார்!”

“வேண்டாம்மா, நான் வந்தா நின்னுடும். பதிவு இன்னும் முடியலையே.”

அவள் ஒரு கணம் யோசித்தாள். “நின்னா நிக்கட்டும்,” என்று கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்.

“திறங்க சார்.”

திறந்தார். கோடு இறங்கவில்லை, அவர் கண்ணெதிரே இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏம்மா,” என்றார், “அப்போ முப்பது வருஷமா நான் இங்க இருந்ததுல ஒரு தப்பும் இல்லையா?”